கேள்வி பதில்: வெருட்டோ, உண்மையோ?

போன இதழில 304 எண்ட எங்கட கடுதாசி (சீட்டு) விளையாட்டைப் பற்றின ஒரு கேள்விக்குப் பதில் எழுதேக்கை கடைசியில சும்மா ஒரு வரி போட்டிருந்தன், 304 வடிவா விளையாடுறவனுக்கு போக்கரில பிளஃப், அதாவது வெருட்டு, பிடிக்கிறது பெரிய வேலையில்லை எண்டு. அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இவ்வளவு கேள்வியும். சில பேர் விளையாடுறவை, சில பேர் விளையாடுறவையின்ர அம்மா, ஒருத்தர் என்ர பழைய ஆள். சரி, இந்தமுறை முழுக்க இதுதான். கோழிக்கூடு, பென்சன் பற்றிக் கேட்ட ஆக்கள் குறை நினைக்காதேங்கோ, அடுத்த மாதம் வாறன்.

கேள்வி: மகன் எந்த நேரமும் போனில போக்கர் வீடியோதான் பாக்கிறான். எங்களுக்கு 304ம் கழுதையும்தான் தெரியும். போக்கர் எண்டால் என்ன, இந்த பிளஃப் எண்டால் என்ன, விளங்கிற மாதிரிச் சொல்லுவியளோ? (ஒரு ஆசிரியை, சாவகச்சேரி)

பதில்: ரீச்சர், மகன் பாக்கிறது அனேகமா ரெக்சஸ் ஹோல்டம் எண்ட வகையாத்தான் இருக்கும். 52 கடுதாசி. ஆளுக்கு 2 கவிழ்த்துக் குடுப்பினம், அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பேந்து மேசை நடுவில எல்லாருக்கும் பொதுவா 5 கடுதாசி திறந்து வைப்பினம், முதல்ல 3 (அதுக்குப் பேர் பிளொப்), பிறகு 1 (ரேண்), கடைசியா 1 (றிவர்). உங்கட 2, நடுவில 5, இந்த 7க்குள்ள ஆகத் திறமான 5தான் உங்கட கை. கடுதாசி திறக்க முதலும், திறக்கிற ஒவ்வொரு தரமும் காசு கட்டலாம், கூட்டலாம், இல்லாட்டி கையை எறிஞ்சுபோட்டு இருக்கலாம். ஆக மொத்தம் 4 தரம் கட்டிறது வரும்.

304க்கும் இதுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்னெண்டால், 304ல கடைசியில எல்லாக் கடுதாசியும் இறங்கித்தான் ஆகவேணும், ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2, நாலு இனத்திலயும் கூட்டினால் 304, அதை ஒருத்தரும் ஒளிக்கேலாது. போக்கரில அப்பிடியில்லை. நீங்கள் ஒரு பெரிய காசைக் கட்ட மற்ற எல்லாரும் பயந்து எறிஞ்சுபோட்டால், நடுவில உள்ளது முழுக்க உங்களுக்கு, கையைக் காட்டவும் தேவையில்லை. கையில ஒரு மண்ணும் இல்லாமல் வெல்லலாம் எண்டதால அந்த விளையாட்டில வெருட்டிறதே ஒரு கலையாப் போச்சு. அந்த வெருட்டுக்குத்தான் பிளஃப் எண்டு பேர். எங்கட ஆக்கள் பேய்க்காட்டிறது எண்டு சொல்லுவினமே, அதேதான், காசு கட்டிப் பேய்க்காட்டிறது.

மகன் வீடியோ பாக்கிறதுக்கு அந்தரப்படாதேங்கோ, காசு கட்டி விளையாடுறானோ எண்டதை மட்டும் பாருங்கோ. அதைப்பற்றி கீழ இன்னொரு தம்பிக்குச் சொல்லியிருக்கிறன்.

கேள்வி: அண்ணை, நாங்கள் அஞ்சு பெடியள் சனிக்கிழமையில ஒரு வீட்டில கூடி நெருப்புக்குச்சியை சிப்ஸ் (காசுக்குப் பதிலா வைக்கிற வில்லை) எண்டு வைச்சு போக்கர் விளையாடுறனாங்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் எண்டு நானும் எல்லாற்ற முகத்தையும் முறைச்சு முறைச்சுப் பாக்கிறன், ஆனா ஒவ்வொருமுறையும் பிழைக்குது, பிளஃப் எண்டு நினைச்சுப் போய் மாட்டுப்படுறன். முகத்தில எதைப் பாக்கவேணும்? (கோண்டாவில்)

பதில்: தம்பி, பிழை அங்கதான். முகத்தைப் பாக்காதேயும்.

இது நான் விளையாட்டுக்குச் சொல்லேல்லை. 2013ல சைக்கலஜிக்கல் சயன்ஸ் எண்ட ஆய்விதழில ஒரு ஆராய்ச்சி வந்தது. 2009 உலகப் போக்கர் தொடரில விளையாடின பெரிய ஆட்டக்காரர் சிப்ஸை நடுவுக்குத் தள்ளுற வீடியோத் துண்டுகளை எடுத்து, போக்கர் பெரிசாத் தெரியாத ஆக்களுக்குப் போட்டுக் காட்டி, இவற்ற கை நல்லதோ கூடாததோ சொல்லுங்கோ எண்டு கேட்டவை. முகத்தை மட்டும் பாத்த ஆக்கள் காசு சுண்டிப் பாக்கிறதை விட மோசமாச் சொன்னவை. முகமும் கையும் சேர்த்துப் பாத்தவை சுண்டிப் பாத்த அளவுக்குத்தான். கையை மட்டும், அதாவது தோளிலிருந்து விரல் வரைக்கும் மட்டும் பாத்தவைதான் கொஞ்சம் சரியாச் சொன்னவை. நல்ல கை உள்ளவன் சிப்ஸைத் தள்ளேக்கை அந்த அசைவு தங்குதடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகுது, அதுதான் காரணம் எண்டு எழுதினவை. வித்தியாசம் பெரிசில்லை, இதைப் படிச்சிட்டு நாளைக்கே எல்லாரையும் பிடிச்சிடலாம் எண்டு நினைக்காதேயும். ஆனா முகம் உம்மைப் பேய்க்காட்டும் எண்டது மட்டும் நிச்சயம், ஏனெண்டால் முகத்தை வைச்சு நடிக்கத்தான் மனிசன் சின்னனிலிருந்தே பழகிறான், வீட்டுக்கு வாற ஆக்களுக்கு முன்னால பிடிக்காத பலகாரத்தையும் சிரிச்சுச் சாப்பிட்டுத்தானே வளர்ந்தனாங்கள். முழங்கைக்கு நடிக்க ஒருத்தரும் பழக்கேல்லை.

எனக்கு இது ஆராய்ச்சி வர முதலே தெரியும், நான் கெட்டிக்காரன் எண்டதால இல்லை, கரண்ட் இல்லாததால. 1990க்குப் பிறகு இஞ்ச யாழ்ப்பாணத்தில கரண்ட் எண்ட கதையே இல்லைத்தானே, மண்ணெண்ணெயும் தங்கம் மாதிரி, ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சமா எண்ணெய் விட்டு திரி போட்டு எரிக்கிற விளக்கை பாய் நடுவில வைச்சுப்போட்டு நாலு பேர் சுத்தி இருந்து 304 விளையாடினால் வெளிச்சம் விழுறது கடுதாசியிலயும் கையிலயும் மட்டும்தான், எதிர இருக்கிறவன்ர முகம் எண்டது ஒரு கறுப்பு உருண்டை. அப்ப எதைப் பாக்கிறது? விரலைத்தான். கடுதாசியை எடுத்த உடன ஒருக்கா அடுக்கிப்போட்டு பேந்து தொடாமல் இருக்கிறானோ, மாத்தி மாத்தி அடுக்கிறானோ, இறக்கேக்கை பாயில மெல்ல வைக்கிறானோ, ஓங்கி அடிக்கிறானோ. ஓங்கி அடிக்கிறவனிட்ட அனேகமா அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை, அதையும் கவனிச்சு வையும்.

ஆனா தம்பி, ஒரு ஆள் ஓங்கி அடிச்சால் வெருட்டு எண்டு ஊருக்கே பொதுவா ஒரு சட்டம் போடேலாது. சில பேர் பிறவியிலேயே ஓங்கி அடிக்கிறவை, தேத்தண்ணிக் கோப்பையையும் அப்பிடித்தான் வைப்பினம். ஒவ்வொருத்தனும் சாதாரணமா எப்பிடி இருக்கிறான் எண்டது தெரிஞ்சால்தான் எப்ப மாறுறான் எண்டது தெரியும். அதுக்கு ஒரு வழி இருக்கு, ஒருத்தரும் செய்யிறேல்லை. நீர் கையை எறிஞ்சுபோட்டு சும்மா இருக்கிற நேரம் போனை நோண்டாமல் மற்ற நாலு பேரையும் பாரும். கடைசியில யாரும் கையைத் திறந்து காட்டினால், உடன பின்னுக்குப் போய் யோசியும்: இந்தக் கையை வைச்சுக்கொண்டு இவன் பிளொப்பில எப்பிடி இருந்தவன், கதைச்சவனோ, கதைக்காமல் விட்டவனோ, சிப்ஸை, உங்கட கணக்கில நெருப்புக்குச்சியை, அடுக்கி வைச்சவனோ, தள்ளிவிட்டவனோ எண்டு. அஞ்சு பேரும் ஒவ்வொரு சனியும் சந்திக்கிறியள் எண்டால் ரெண்டு மாதத்தில உமக்கு நாலு பேற்ற சாதகமும் கையில இருக்கும்.

பொதுவாச் சொல்லக்கூடியது எண்டால் ஒண்டு இருக்கு, புது ஆட்டக்காரரிட்ட நல்லாச் சரிவரும், பழைய ஆக்களிட்ட கவனம். பலம் இருக்கிறவன் இல்லாதவன் மாதிரியும், இல்லாதவன் இருக்கிறவன் மாதிரியும் நடிப்பான். கட்டேக்கை உம்மட கண்ணுக்குள்ள முறைச்சுப் பாக்கிறான் எண்டால் நீர் வரவேண்டாம் எண்டு கும்பிடுறான். பெருமூச்சு விட்டு, தோளைக் குலுக்கி, 'சரி என்ன செய்யிறது, ஒரு ஐந்நூறு கட்டுவம்' எண்டு அலுத்துக்கொண்டு கட்டினால், எழும்பி ஓடும். பிளொப் திறந்த உடன ஒருத்தன் தன்ர சிப்ஸை ஒரு கண் வெட்டிப் பாத்துப்போட்டு வேற எங்கேயோ முகட்டைப் பாத்தால் அவனுக்கு நல்லா விழுந்திருக்கு. பிடிக்காதது விழுந்தால் மனிசன் அதையேதான் வெறிச்சுப் பாத்துக்கொண்டிருப்பான், அரசாங்கச் சோதனை முடிவு பாக்கிற மாதிரி.

கேள்வி: கனடாவில 11 வருசமா இருக்கிறன், வேலையிடத்துப் பெடியளோட மாதத்தில ஒருக்கா போக்கர். ஆக்களை வாசிக்கிறதில நான் கெட்டிக்காரன் எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை. ஆனா வருசக் கடைசியில பாத்தால் ஆகக் கூடத் தோத்தது நான்தான். எங்க ஓட்டை? (ஸ்கார்பரோ)

பதில்: ஆக்களை வாசிக்கிறியள், ஆட்டத்தை வாசிக்கிறேல்லை எண்டு நினைக்கிறன். நானும் அங்க உங்கட ஊரில, அண்ணன்ர வீட்டு பேஸ்மென்றில, 20 டொலரோட போய் இருந்து ஒரு மணித்தியாலத்தில அதைக் குடுத்துப்போட்டு எழும்பினவன்தான், அதனால வெக்கப்படாமல் கேளுங்கோ.

வெருட்டு எண்டது ஒரு கதை. கட்டிற ஒவ்வொரு தரமும் அவன் ஒரு வசனம் சொல்லுறான். பொய்க்கதையை எப்பிடிப் பிடிக்கிறனாங்கள்? பிந்தி வந்த மகனிட்ட எங்கயடா போனனீ எண்டு கேட்டால் ரியூசன் எண்டுவான், ரியூசன் ஆறுக்கு முடியும், இப்ப எட்டு, சைக்கிள் காத்துப் போச்சு எண்டுவான், சைக்கிளைப் பாத்தால் ரயர் கல்லு மாதிரி இருக்கும். முகத்தைப் பாக்கத் தேவையே இல்லை, ரயரை அமத்திப் பாத்தால் போதும். போக்கரிலயும் ரயரை அமத்திப் பாக்கவேணும்.

ஒரு கை சொல்லுறன். போக்கரில அஞ்சும் ஒரே இனமா வந்தாலோ, அஞ்சும் வரிசையா வந்தாலோ, அது சோடியையும் ஒரே எண் மூண்டையும் விடப் பெரிய கை, அதை மட்டும் மனசில வையுங்கோ. உங்களிட்ட ஆஸும் பத்தும். பிளொப்பில ஸ்கோப்பன் (ஸ்பேட்) பத்து, ஸ்கோப்பன் ஏழு, டயமன் மூண்டு. நீங்கள் கட்ட எதிராளி கோல் பண்ணுறான், அதாவது அதே அளவு காசைப் போடுறான், கூட்டேல்லை. ரேணில கிளாவர் (கிளப்ஸ்) ரெண்டு, ஒருத்தருக்கும் உதவாத கடுதாசி. திரும்பக் கட்டுறியள், திரும்பவும் சும்மா கோல். றிவரில ஹார்ட்ஸ் ராசா. நீங்கள் பேசாமல் விட, அதுவரைக்கும் பூனை மாதிரி இருந்தவன் நடுவில உள்ள 1000க்கு முழுசா 1000 கட்டுறான். இப்ப என்ன?

அவன்ர முகத்தை விடுங்கோ. அவன் என்ன கதை சொல்லுறான்? என்னட்ட ராசா இருக்கு, இல்லாட்டி அதை விடப் பெரிசு இருக்கு எண்டு. அதை விடப் பெரிசு எண்டால், மூண்டு பத்து, மூண்டு ஏழு மாதிரி ஒரு கை இருந்தால், ரெண்டு ஸ்கோப்பன் கிடக்கிற மேசையில அவன் ஏன் முதலே கூட்டேல்லை? இன்னொரு ஸ்கோப்பன் விழுந்தால் தனக்கு ஆபத்து எண்டு தெரிஞ்சும் ரெண்டுதரம் சும்மா பாத்துக்கொண்டு இருப்பானோ? ராசா எண்டால், ராசாவை மட்டும் வைச்சுக்கொண்டு பத்து ஏழு மூண்டுக்கு ரெண்டுதரம் காசு கட்டினவனோ? கட்டியிருக்கலாம், ராசாவோட ஒரு பத்தோ ஏழோ இருந்தால், இல்லாட்டி ராசாவோட இன்னொரு ஸ்கோப்பனும் சேர்ந்து ரெண்டும் ஸ்கோப்பனா இருந்தால். அது சில கைதான். மற்றப் பக்கம் பாருங்கோ, ரெண்டு ஸ்கோப்பனை வைச்சு அஞ்சாவது ஸ்கோப்பனுக்குக் காத்திருந்து வராமல் போனவன், எட்டும் ஒன்பதும் வைச்சு ஆறுக்கோ ஜாக்குக்கோ காத்திருந்து வராமல் போனவன், இவையெல்லாம் ரெண்டுதரமும் சும்மா கோல் பண்ணித்தான் இருப்பினம், இப்ப கையில ஒண்டும் இல்லாமல் போக வெல்ல ஒரே வழி வெருட்டுத்தான். கதையில ஓட்டை தெரியுதுதானே.

ஓட்டை தெரிஞ்சாலும் பிறகு கணக்கு. நடுவில 1000 இருந்தது, அவன் 1000 போட்டிட்டான், இப்ப 2000. நீங்கள் 1000 போட்டு 2000 வெல்லப் பாக்கிறியள். மூண்டுதரத்தில ஒருதரம் நீங்கள் சரியா இருந்தாலே நட்டமில்லை. அவன் பாதியை, 500ஐ, கட்டினால் நீங்கள் 500 போட்டு 1500 வெல்லப் பாக்கிறியள், நாலில ஒண்டு போதும். நீங்கள் எழுதினதைப் பாத்தால், 'இவன் பொய் சொல்லுறான் எண்டு எனக்குப் பட்டது' எண்ட உடன காசைப் போடுறியள் போல. பட்டதுக்கு ஒரு விலை போடுங்கோ. எத்தினை கையில அவனிட்ட உண்மையா இருக்கும், எத்தினை கையில வெறும் கை, விரல் விட்டு எண்ணிப் பாத்திட்டுப் போடுங்கோ. 304ல எத்தினை துரும்பு (மற்ற இனங்களை வெட்டிற இனம்) இறங்கிட்டுது எண்டு எண்ணாமல் விளையாடினால் சோடிக்காரன் அடிக்க வருவான், இஞ்ச தனியத்தானே எண்டு எண்ணாமல் விடுறியள்.

கதை ஓட்டையில்லாமல் இருந்தால் எப்பேர்ப்பட்டவனும் விழுவான். 2003 உலகப் போக்கர் தொடர் இறுதி, லாஸ் வேகாசில. ஆளுக்கு 10,000 டொலர் கட்டி 839 பேர் விளையாடின ஆட்டம். கடைசியில ரெண்டு பேர் மிஞ்சிச்சினம், ஒருத்தர் சாம் பர்ஹா எண்ட, பழம் திண்டு கொட்டை போட்ட ஆட்டக்காரர், மற்றவர் கிறிஸ் மணிமேக்கர், ரெனசியில கணக்காளரா இருந்தவர், ஒன்லைனில 86 டொலர் கட்டி ஒரு தகுதி ஆட்டத்தில வெண்டு அதால உள்ள வந்தவர். பேர் மணிமேக்கர் எண்டது உண்மையான பேர்தான், நான் போட்ட பேரில்லை. பிளொப்பில ஸ்கோப்பன் ஒன்பது, டயமன் ரெண்டு, ஸ்கோப்பன் ஆறு. ரேணில ஸ்கோப்பன் எட்டு. பர்ஹாவிட்ட ராணியும் ஒன்பதும், அதாவது மேசையில உள்ள பெரிய கடுதாசியோட சோடி. மணிமேக்கரிட்ட ஸ்கோப்பன் ராசாவும் ஹார்ட்ஸ் ஏழும், ஒரு சோடி கூட இல்லை, ஆனா இன்னொரு ஸ்கோப்பனோ ஒரு பத்தோ அஞ்சோ விழுந்தால் பெரிய கை. மூண்டாவது ஸ்கோப்பன் விழுந்த அந்த இடத்திலதான் மணிமேக்கர் கூட்டினவர். றிவரில விழுந்தது ஹார்ட்ஸ் மூண்டு, ஒண்டுக்கும் உதவாது. அப்பவும் இருந்த முழுக்காசையும் நடுவுக்குத் தள்ளினார். பர்ஹா கனநேரம் யோசிச்சு, கதை குடுத்துப் பாத்து, கடைசியில நல்ல கையை எறிஞ்சார். மணிமேக்கர் தொப்பி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கல்லு மாதிரி இருந்தவர் எண்டதைத்தான் எல்லாரும் சொல்லுவினம். எனக்கு அதை விடப் பெரிசாத் தெரியிறது அவர் கூட்டின இடம். ஸ்கோப்பன் விழுந்த உடன கூட்டினால், அஞ்சு ஸ்கோப்பன் சேர்ந்திட்டுது எண்டுதானே யாரும் நினைப்பினம். கதை முன்னுக்குப் பின் முரணில்லை. பர்ஹா பாக்கிற ரயரில காத்து இல்லைத்தான். அந்த ஆட்டத்தில வெண்டு மணிமேக்கர் கொண்டு போனது 25 லட்சம் டொலர்.

கேள்வி: ஒன்லைனில முகமும் இல்லை, கையும் இல்லை. அங்க வெருட்டுப் பிடிக்கவே ஏலாதோ? (கரவெட்டி)

பதில்: ஏலும், இன்னும் சுத்தமா ஏலும், ஏனெண்டால் பேய்க்காட்டிற முகமே அங்க இல்லை. எவ்வளவு கட்டினவன், எவ்வளவு நேரம் எடுத்தவன், போனமுறை இதே இடத்தில என்ன செய்தவன், இது மூண்டும் இருக்கு. நேரத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோட பாருங்கோ, அவன் யோசிக்கிறான் எண்டு நீங்கள் நினைக்கேக்கை அவன் கறிக்கு உப்புப் பாக்கப் போயிருப்பான்.

முகமே பாக்கத் தேவையில்லை எண்டதுக்குப் பெரிய சாட்சி ரெண்டு கொம்பியூற்றர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில செய்த லிபிறேற்றஸ் எண்ட ஒண்டு 2017 ஜனவரியில பிற்ஸ்பேர்க்கில நாலு பெரிய ஆட்டக்காரரோட 120,000 கை விளையாடி வெண்டது. 2019ல அதே ஆக்கள் பேஸ்புக்கோட சேர்ந்து புளூறிபஸ் எண்டு ஒண்டு செய்து, ஆறு பேர் இருக்கிற மேசையிலயும் வெண்டு காட்டினவை. அதுகளுக்குக் கண்ணே இல்லை. ஆனா அதுகளும் வெருட்டும், தாராளமா வெருட்டும், ஆரும் சொல்லிக்குடுத்து இல்லை, தானே தன்னோட விளையாடிப் பழகி. ஏனெண்டால் வெருட்டிறது கணக்கில வாற விசயம். ஒருநாளும் வெருட்டாதவன் எண்டு உங்களுக்குப் பேர் வந்திட்டால் நீங்கள் நல்ல கையோட கட்டேக்கை ஒருத்தனும் வரமாட்டான். றிவரில நடுவில உள்ள அளவுக்கு முழுசாக் கட்டுறியள் எண்டால் மூண்டில ஒருதரம் வெருட்டா இருக்கவேணும், மற்ற ரெண்டும் உண்மையா இருக்கவேணும், அப்பிடி இருந்தால் எதிராளிக்கு வந்தாலும் ஒண்டுதான், விட்டாலும் ஒண்டுதான். மேல ஸ்கார்பரோக்காரருக்குச் சொன்ன அதே மூண்டில ஒண்டுதான் இது, அங்கால பக்கத்திலிருந்து பாக்கிறது.

கேள்வி: நல்ல கை வந்தால் என்ர கை நடுங்குது. எல்லாரும் கண்டுபிடிச்சு எறிஞ்சுபோடுறாங்கள். (பருத்தித்துறை)

பதில்: சிப்ஸைத் தொட முதல் மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்கோ, நல்ல கையோ குப்பையோ எப்பவும் அஞ்சு. பேந்து எல்லாத்தையும் ஒரே அடுக்கா, ஒரே கையால, ஒரே இடத்தில வையுங்கோ, வைச்சிட்டு கையை மேசைக்குக் கீழ மடியில விடுங்கோ. நடுக்கம் நிக்காது, தெரியாமல் போகும், அவ்வளவுதான். இன்னொரு விசயம், கனபேர் நடுங்கிறவனைப் பாத்துப் பயத்தில வெருட்டுறான் எண்டு நினைப்பினம், அது பிழை. வெருட்டுறவன் அனேகமா மூச்சையும் அடக்கிக்கொண்டு விறைச்சுப்போய் இருப்பான். நடுங்கிறவனிட்டத்தான் சாமான் இருக்கும். உங்கட கூட்டாளிகள் அதை விளங்கிக்கொண்டு எறியிறாங்கள் எண்டால் நல்ல ஆட்டக்காரர்தான், ஒருநாள் வெறும் கையோட வேணுமெண்டு நடுங்கிப் பாருங்கோ. ஒருநாள் மட்டும்.

கேள்வி: இவர் ஒவ்வொரு ஞாயிறும் 304க்குப் போறன் எண்டு போறார், வரேக்கை வாய் ஒரு மாதிரி மணக்குது. கேட்டால் பாக்கு எண்டுறார். நீங்கள் சொல்லுற இந்த முறையளை வைச்சு இவர் சொல்லுறது பொய்யோ எண்டு பிடிக்கலாமோ? (பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

பதில்: அக்கா, பொய்யைப் பாத்துப் பிடிக்கிறது சம்பந்தமா நடந்த நூற்றுக்கணக்கான பரிசோதனைகளை 2006ல ஒண்டாச் சேர்த்துப் பாத்தவை. மனிசர் சராசரியா 100க்கு 54 தரம்தான் சரியாச் சொல்லுறவை, சும்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். நீங்கள் மூக்காலதானே பிடிச்சிருக்கிறியள், அதுக்கு 54ஐ விடக் கூட வரும்.

கேள்வி: சகுனி பெரிய பிளஃப்காரன்தானே? (மானிப்பாய்)

பதில்: இல்லை. சகுனி வெருட்டேல்லை, வெண்டவன். பகடையில எல்லாற்ற கண்ணுக்கும் முன்னாலதான் எண் விழும், வெருட்டுக்கு இடமேது? பிழை விட்டது தருமர், எழும்பவேண்டிய நேரம் எழும்பாததால.

கேள்வி: ஒரு ஆப்பில போக்கர் விளையாடி 3 லட்சத்துக்குக் கிட்ட விட்டிட்டன், பாதி மாமாட்டக் கடன். ஆக்களை இன்னும் வடிவா வாசிக்கப் பழகினால் எடுக்கலாம் எண்டு நினைக்கிறன். எங்கயிருந்து தொடங்க? (ஊர் வேண்டாம்)

பதில்: தம்பி, உமக்கு வெருட்டுப் பிடிக்கிறதைச் சொல்லித்தரமாட்டன். ஏன் எண்டு கேளும். அந்த மேசையை நடத்திறவன் ஒவ்வொரு கையிலயும் நடுவில சேருற காசில ஒரு பங்கை முதலே எடுத்துப்போடுவான், றேக் எண்டு சொல்லுவினம். ஒரே அளவு திறமையுள்ள ஆறு பேர் இருந்து விடிய விடிய விளையாடினால் ஆறு பேரும் தோப்பினம், வெண்டது மேசைக்காரன். அதுக்கு மேலால லாபம் வரவேணும் எண்டால் மற்ற ஆக்களை விட நீர் கொஞ்சம் இல்லை, கனக்கத் திறமா இருக்கவேணும், அதோட இழந்தாலும் அடுப்பு எரியிற காசாவும் இருக்கவேணும். உம்மட காசு கடன்காசு. கடன்காசோட இருக்கிறவனுக்கு எதிராளியின்ர ஒவ்வொரு கட்டும் வெருட்டு மாதிரித்தான் தெரியும், ஏனெண்டால் வெருட்டா இருக்கவேணும் எண்டு அவனுக்கு ஆசை. வாசிக்கிறது அங்க நிண்டுபோகும், நம்பிறதுதான் நடக்கும்.

ஆப்பை அழியும், பாங்க் காட்டை அதிலிருந்து கழட்டும், மாமாட்ட நேர போய்ச் சொல்லும். அவர் எங்கயோ இருந்து கேள்விப்பட முதல் நீர் சொன்னால் அவருக்கு ஆறுதல் கிடைக்கும். மாதம் மாதம் எவ்வளவு குடுக்கலாம் எண்டதையும் ஒரு கடுதாசியில எழுதிக்கொண்டு போம். தனியக் கிடந்து புழுங்காமல் எங்கட பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, அங்க போய்க் கதைக்கலாம், இதுக்கும் அங்க பாப்பினம். திரும்ப எனக்கு எழுதும்.

கேள்வி: டேய், நீதான் இந்தக் கேள்வி பதில் எழுதுறாய் எண்டு மகள் காட்டினவள். 95 இடப்பெயர்வுக்குப் பிறகு சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில இருக்கேக்கை ஒருநாள் இரவு நான் 160 கேக்க நீ ஒரே பாய்ச்சலா 200 எண்டனீ. என்ர கையில முதல் நாலிலயே ஸ்கோப்பன் ஜாக், ஒன்பது, ஆஸ் இருந்தது. பயந்துபோய் விட்டிட்டன். இப்பவும் நித்திரை வராட்டி அதை நினைக்கிறனான். உண்மையைச் சொல்லு, உன்னட்ட என்ன இருந்தது? (மார்க்கம், கனடா)

பதில்: மச்சான், எழுத்தைப் பாத்த உடனயே தெரியும் நீதான் எண்டு. (304 தெரியாத ஆக்களுக்கு: முதல் நாலு கடுதாசியைப் பாத்து இத்தினை புள்ளி எடுப்பம் எண்டு கேக்கவேணும், ஆகக் கூடக் கேட்டவர்தான் துரும்பு வைக்கிறது.)

ஹார்ட்ஸ் ஜாக் ஒண்டு. மிச்சம் ஒரு எட்டு, ரெண்டு ஏழு. அதில ஒரு ஏழு கடுதாசியும் இல்லை, துலைஞ்சதுக்குப் பதிலா நாங்கள் பிறிஸ்ரல் போட்டில வெட்டி வைச்சது. வெருட்டுத்தான்.

ஏன் வெருட்டினனான் எண்டு கேள். நீ நாலையும் எடுத்தாய், ஒருக்கா அடுக்கினாய், அடுக்கிப்போட்டு கவிழ்த்து மடியில வைச்சிட்டாய். நல்ல கை இல்லாட்டி நீ அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்து, விளக்குக்குக் கிட்டப் பிடிச்சு, மூக்கைச் சொறிஞ்சு ஒரு பெரிய கூத்தே ஆடுவாய். அண்டைக்கு அசையேல்லை. உன்னைத் துரும்பு வைக்க விட்டால் கதை முடிஞ்சுது எண்டு விளங்கினதால பாய்ஞ்சு கேட்டனான், ஆனா அதோட துரும்பு என்ர தலையில விழுந்திட்டுது, வைக்க என்னட்ட இருந்தது அந்த ஹார்ட்ஸ் ஜாக் ஒண்டுதான்.

நீ மறந்திட்டாய் போல, அந்த ஆட்டம் நாங்கள் தோத்தனாங்கள். கேட்ட 200க்கு 120ம் வரேல்லை. நீயும் உன்ர சோடியும்தான் எங்கட ரெண்டு பேற்ற காதிலயும் ஈர்க்குக் கடுக்கன் கொழுவி விட்டனீங்கள், நான் அதோட கிணத்தடிக்குத் தண்ணி அள்ளப் போய் எல்லாச் சனமும் சிரிச்சது. 30 வருசமா நித்திரை முழிச்சது காணும், படு.